"எல்லோரும் வாங்குவார்கள்" என்பது பதில் அல்ல: சிறுதொழில் தொடங்குபவர் தன் வாடிக்கையாளரை அறிந்துகொள்ளும் வழி

புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள் ஆலோசனை கேட்டு வரும்போது நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இதை யார் வாங்குவார்கள்?" பெரும்பாலோர் சட்டென்று சொல்லும் பதில், "எல்லோரும் வாங்குவார்கள்." அதைக் கேட்டதும் எனக்குக் கவலை பிடித்துக்கொள்ளும். பொருள் நன்றாக இருக்கும். உழைப்பும் இருக்கும். சேமிப்பில் பெரும்பகுதி அதில் போயிருக்கும். ஆனால் விளம்பரத்தில் என்ன எழுதுவது, எந்த அளவில் செய்வது, எங்கே வைத்து விற்பது என்று ஒவ்வொரு முடிவிலும் தடுமாறிக்கொண்டிருப்பார்கள். "எல்லோரும்" என்பவருக்கு முகம் கிடையாது. முகம் தெரியாதவரிடம் என்ன பேசுவது, எதைக் காட்டுவது?

வாடிக்கையாளர் என்ற சொல்லையே சற்று உற்றுப் பாருங்கள். வாடிக்கை என்றால் வழக்கம். வழக்கமாக நம்மிடம் வருபவர்தான் வாடிக்கையாளர். ஒருமுறை வாங்கிவிட்டுப் போனவர் இன்னும் வாங்குபவர் மட்டுமே. வாங்கிய பொருளைக் கையில் எடுத்துப் பயன்படுத்துபவர் நுகர்வோர். பேச்சில் இந்த மூன்று சொற்களையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் போட்டுவிடுகிறோம். அதனால் குடி முழுகிவிடாது. தொழிலில் அப்படிக் குழப்பிக்கொண்டால் நட்டம் நேரும்.

கட்டுரை முழுவதும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்கிறேன். ஒருவர் வீட்டிலிருந்தபடியே கையால் தைத்த நோட்டுப் புத்தகங்களைச் செய்து விற்கத் தொடங்குகிறார். உங்களுடையது தையல் வேலையாகவோ, பழுதுபார்க்கும் சேவையாகவோ, கணக்கெழுதித் தரும் தொழிலாகவோ இருக்கலாம். நோட்டு என்று வரும் இடங்களில் உங்கள் பொருளை வைத்துப் படியுங்கள்.

பொருளை ஓரமாக வைத்துவிட்டுத் தேவையை எழுதுங்கள்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து உங்கள் தொழிலைப் பற்றி எழுதச் சொன்னால், நோட்டு செய்பவர் இப்படித்தான் எழுதுவார்: தரமான தாள், உறுதியான தையல், அழகான அட்டை. மூன்றும் பொருளைப் பற்றியவை. வாங்குபவர் அதில் எங்குமே இல்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. நாம் செய்த பொருள் நமக்கு அழகாகத் தெரிவது இயல்பு; அந்த அன்பு தொழிலுக்கு வேண்டியதும்கூட. ஆனால் வாடிக்கையாளரைத் தேடும் வேலையில் அந்த அன்பு கண்ணை மறைத்துவிடும்.

ஆகவே முதல் படியாக அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: எந்த நேரத்தில், எந்தச் சிக்கலில் இருக்கும் ஒருவர் இதைத் தேடுவார்? நீர்வண்ண ஓவியம் பழகும் ஒருவருக்குச் சாதாரணத் தாளில் வண்ணம் மறுபக்கம் ஊறிவிடுகிறது. இன்னொருவர், பணி ஓய்வு பெறும் தன் சக ஊழியருக்கு நாளைக்குள் மதிப்பான பரிசு ஒன்றைத் தேடுகிறார். மூன்றாமவர் ஆய்வகத்தில் நின்றுகொண்டே குறிப்பு எழுதுபவர். நோட்டு தானாக மூடிக்கொள்ளாமல் மேசையில் தட்டையாக விரிந்து கிடக்க வேண்டும். இவர்கள் மூவரும் ஒரே வயதினராக, ஒரே தெருவில் குடியிருப்பவர்களாக இருக்கலாம். ஒரே மனிதரே மூன்று வெவ்வேறு நாட்களில் இந்த மூவராகவும் இருக்கலாம். ஆனால் மூவருக்கும் நீங்கள் காட்ட வேண்டிய நோட்டு வேறு, சொல்ல வேண்டிய சொல் வேறு.

எழுத வரவில்லை என்றால் இந்த அச்சைப் பயன்படுத்துங்கள்: "ஒருவர் _____ செய்ய முயல்கிறார், அப்போது _____ தடையாக இருக்கிறது, இப்போதைக்கு _____ வைத்துச் சமாளிக்கிறார்." மூன்றாவது கோடிட்ட இடத்தை நிரப்பாமல் விட்டுவிடாதீர்கள். அதில்தான் உங்கள் உண்மையான போட்டியாளர் இருக்கிறார். நோட்டு செய்பவருக்குப் போட்டி பக்கத்தில் நோட்டு செய்யும் இன்னொருவர் என்று தோன்றும். பரிசு தேடுபவரைப் பொறுத்தவரை போட்டி ஒரு பூங்கொத்தாக இருக்கலாம், பேனாவாக இருக்கலாம். குறிப்பு எழுதுபவரைப் பொறுத்தவரை கைப்பேசியே போட்டி. ஹார்வர்ட் பேராசிரியர் தியோடர் லெவிட் 1960-இல் எழுதிய ஒரு கட்டுரையில் அமெரிக்க ரயில் நிறுவனங்களின் சரிவைப் பற்றி இதே கோணத்தில் பேசினார். அவர்கள் தங்களை ரயில் விடுபவர்களாக மட்டுமே எண்ணினார்கள். மக்களையும் சரக்கையும் கொண்டுசேர்ப்பதுதான் தங்கள் தொழில் என்பதை மறந்தார்கள் என்பது அவர் வாதம். கார், லாரி, விமானம் எல்லாம் அந்தத் தேவையை எடுத்துக்கொண்டு போய்விட்டன.

மூன்றாவது இடத்தில் "எதுவும் செய்யவில்லை, அப்படியே விட்டுவிட்டார்" என்ற பதில் வந்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். சமாளிக்கக்கூட யாரும் மெனக்கெடாத சிக்கலுக்குப் பணம் கொடுப்பவர்கள் குறைவு.

வாங்குபவர் யார், பயன்படுத்துபவர் யார்?

இந்தப் படியைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம், ஆனால் தாண்டிப் போய்விடக் கூடாது. பரிசாகப் போகும் நோட்டில் எழுதப்போகிறவர் அதை வாங்குவதில்லை. குழந்தைக்கான பொருளைக் குழந்தை வாங்குவதில்லை. ஒரு அலுவலகத்துக்கு நூறு நோட்டுகள் தேவை என்றால், கேட்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் இன்னொருவர், பணம் அனுப்புபவர் மூன்றாமவர்.

ஒவ்வொருவருக்கும் கவலை வேறு. பரிசு வாங்குபவருக்கு, கொடுக்கும்போது கௌரவமாக இருக்க வேண்டும், குறித்த நாளில் கைக்கு வர வேண்டும். தாள் எத்தனை கிராம் என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. அலுவலகத்தில் ஒப்புதல் தருபவருக்கு, பின்னால் யாரும் கேள்வி கேட்காதபடி ரசீது ஒழுங்காக இருக்க வேண்டும். உங்கள் தொழிலில் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள், அவரவர் கவலை என்ன என்று பெயரிட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடிவு யார் கையில் இருக்கிறதோ அவர் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள்.

கூட்டத்தைப் பிரிப்பது

சந்தையைப் பிரிவுகளாகப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தைச் சந்தையியலில் தெளிவாக முன்வைத்தவர் வெண்டல் ஸ்மித். அவருடைய கட்டுரை 1956-இல் வெளிவந்தது. அதன்பின் எல்லாரும் முதலில் கையில் எடுப்பது வயது, பாலினம், வருமானம், வசிக்கும் இடம் ஆகிய நான்கையும்தான். "25 முதல் 40 வயதுவரை, நகரத்தில் வசிக்கும், நடுத்தர வருமானமுள்ள பெண்கள்" என்று எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த விவரங்கள் வீண் என்று சொல்ல மாட்டேன். விளம்பரத்தை எங்கே வைப்பது என்று தீர்மானிக்க உதவும். ஆனால் அவர் ஏன் வாங்குகிறார் என்பதைப் பற்றி இவை ஒன்றுமே சொல்வதில்லை.

இன்னொரு அபாயம், சராசரி. 1950-ஆம் ஆண்டு அமெரிக்க விமானப் படை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விமானிகளின் உடல் அளவுகளை எடுத்தது. விமானி அமரும் இடத்தைச் சராசரி உடலுக்கு ஏற்ப அமைத்தால் எல்லோருக்கும் பொருந்தும் என்ற நம்பிக்கை அதுவரை இருந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் முக்கியமான 10 அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தப் பத்திலும் சராசரியை ஒட்டி இருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார். 4,063 பேரில் ஒருவர்கூட இல்லை. சராசரி விமானிக்காகச் செய்த இருக்கை யாருக்குமே சரியாகப் பொருந்தாத இருக்கை. அதன் பிறகுதான் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய இருக்கைகளும் கட்டுப்பாடுகளும் வந்தன. உங்கள் "சராசரி வாடிக்கையாளர்" நிலையும் இதுவே. மாணவர் பாதி, பரிசு வாங்குபவர் பாதி என்று கலந்து ஒரு சராசரி மனிதரை உருவாக்கினால், அப்படி ஒருவர் உங்கள் கடைப் படியை ஒருநாளும் மிதிக்க மாட்டார்.

எனவே சூழ்நிலையை வைத்துப் பிரியுங்கள். எதற்காக வாங்குகிறார், எவ்வளவு அடிக்கடி வாங்குகிறார், எவ்வளவு அவசரத்தில் இருக்கிறார், இப்போது எதை வைத்துச் சமாளிக்கிறார்? இந்த நான்கு கேள்விகளுக்கும் ஒரே மாதிரிப் பதில் சொல்பவர்கள் ஒரு பிரிவு. தொடக்கத்தில் மூன்று அல்லது நான்கு பிரிவுகள் போதும். அதற்கு மேல் போனால், ஒரு சிறுதொழிலால் எதையும் உருப்படியாகக் கவனிக்க முடியாது.

இவை எல்லாம் இதுவரை உங்கள் ஊகங்கள்தான். தாளின் மேல் மூலையில் "ஊகம்" என்றே எழுதி வையுங்கள்.

நேரில் போய்ப் பேசுங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தயக்கம் மிகுந்த இடமும் இதுதான். முன்பின் தெரியாதவரிடம் போய்ப் பேச வெட்கமாக இருக்கிறது என்பார்கள். அதனால் வீட்டார், நண்பர்கள், உறவினர்கள் ஆகியோரிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திருப்தி அடைவார்கள். அவர்களுக்கு உங்கள் மேல் அன்பு இருக்கிறது. அன்பு உள்ளவர் "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்வார்.

யாரிடம் கேட்கிறோம் என்பது, எத்தனை பேரிடம் கேட்கிறோம் என்பதைவிட முக்கியம். 1936-இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்கெடுப்பு அட்டைகளை அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. ஆல்ஃப் லாண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். தொலைபேசிப் பட்டியல், கார் பதிவுப் பட்டியல் போன்றவற்றிலிருந்து பெயர்களை எடுத்திருந்தார்கள். பொருளாதார மந்தம் நிலவிய அந்தக் காலத்தில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் வசதி படைத்தவர்கள். அட்டையை மெனக்கெட்டுத் திருப்பி அனுப்பியவர்களும் ஒரு சாரார்தான். அதைவிட மிகச் சிறிய கூட்டத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுத்துக் கேட்ட ஜார்ஜ் காலப் வெற்றியாளரைச் சரியாகக் கணித்தார். உங்கள் உறவினர் வட்டத்திலிருந்து ஐம்பது பேரிடம் கேட்பதைவிட, உங்கள் பிரிவுக்குள் உண்மையிலேயே வரும் எட்டுப் பேரிடம் கேட்பது மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்த எட்டுப் பேரை எங்கே தேடுவது? உங்கள் பொருளின் வேலையை இப்போது வேறு எதையோ வைத்து முடித்துக்கொள்பவர்கள் கூடும் இடத்தில். ஓவிய வகுப்பு முடியும் நேரம், தாள் கடையின் வாசல், அந்தத் துறையினர் கூடும் இணையக் குழுக்கள். ஒருவரிடம் பேசி முடித்ததும், "இதே சிக்கல் உள்ள வேறு யாரையாவது தெரியுமா?" என்று கேளுங்கள். இரண்டாமவர், மூன்றாமவர் எல்லாம் அப்படியே கிடைத்துவிடுவார்கள்.

இனி கேள்விகள். "இப்படி ஒரு நோட்டு வந்தால் வாங்குவீர்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எதிரில் இருப்பவர் உங்கள் மனம் நோகக்கூடாது என்று "ஆமாம்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. எதிர்காலத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் நல்லெண்ணம்தான் பதிலாக வரும். கடந்த காலத்தைக் கேளுங்கள். நடந்ததை மாற்றிச் சொல்வது கடினம்.

"கடைசியாக எப்போது நோட்டு வாங்கினீர்கள்? அன்று என்ன நடந்தது?" இந்த இரண்டு கேள்விகளில் பாதி விஷயம் வந்துவிடும். அதன் பிறகு, "வேறு எதையெல்லாம் பார்த்தீர்கள்? ஏன் அவற்றை விட்டீர்கள்?" என்று போகலாம். "வாங்கிய பிறகு எதில் ஏமாற்றம்?" என்று கேட்கலாம். "வாங்கும் முன் யாரிடமாவது கேட்டீர்களா?" என்பது நல்ல கேள்வி, முடிவெடுப்பதில் பங்குள்ள இன்னொருவரை அது காட்டிக்கொடுக்கும். விலையைப் பற்றித் தெரிந்துகொள்ள, "எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று கேட்காமல், "கடைசியாக எவ்வளவு கொடுத்தீர்கள்? அது அதிகமாகப் பட்டதா?" என்று கேளுங்கள்.

அவர் பேசும்போது உங்கள் நோட்டைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். கை துறுதுறுக்கும், எனக்குத் தெரியும். பொருளைப் பார்த்த கணமே உரையாடல் திசை மாறிவிடும். அவர் தன் கதையை நிறுத்திவிட்டு உங்கள் பொருளைப் பாராட்டத் தொடங்கிவிடுவார். அரைமணி நேரப் பேச்சில் நீங்கள் பேசியது ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அந்தச் சந்திப்பு வீணாகிவிட்டது என்று கொள்ளுங்கள்.

அவர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். "தாளின் உறிஞ்சும் தன்மை குறைவாக இருக்க வேண்டும்" என்பது உங்கள் மொழி. "பின்பக்கம் பாழாகிவிடுகிறது, பாதி நோட்டு வீண்" என்பது அவர் மொழி. பிற்பாடு உங்கள் பொருளைப் பற்றி எழுதும்போது அவர் மொழியில் எழுதினால், அதே சிக்கலில் இருக்கும் இன்னொருவர் பார்த்ததும் நின்றுவிடுவார். விளம்பர வாசகத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். நல்ல வாசகங்களை வாடிக்கையாளர்கள் இலவசமாகவே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எத்தனை பேரிடம் பேசினால் போதும்? ஒரு பிரிவில், புதிதாக எதுவும் காதில் விழாத நிலை வரும்வரை. பொதுவாக எட்டிலிருந்து பன்னிரண்டு பேருக்குள் அந்த நிலை வந்துவிடுகிறது. பன்னிரண்டாமவரும் முற்றிலும் புதிய கதை சொன்னால், நீங்கள் ஒரு பிரிவு என்று நினைத்ததில் இரண்டு மூன்று பிரிவுகள் கலந்திருக்கின்றன. பிரித்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தால்: கணக்குப் புத்தகமும், வராமல் போனவர்களும்

சில மாதங்களாவது விற்றிருந்தால், உங்களிடமே ஒரு புதையல் இருக்கிறது. கடைசி நூறு விற்பனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு இல்லையென்றால் இருப்பதை. ஒவ்வொன்றுக்கும் நேரே நான்கு விஷயங்களை எழுதுங்கள்: முதல்முறையா மறுமுறையா, எதற்காக வாங்கினார், யார் சொல்லி வந்தார், எத்தனை வாங்கினார். எதற்காக என்பது தெரியவில்லை என்றால், இனிமேல் விற்கும்போது கேட்டுக் குறிக்கத் தொடங்குங்கள். பில் போடும் நேரத்தில் "உங்களுக்கா, யாருக்காவது கொடுக்கவா?" என்ற ஒற்றைக் கேள்வி போதும்.

இப்படிப் பிரித்துப் பார்க்கும்போது, நீங்கள் யாருக்காகச் செய்தீர்களோ அவர் ஒருவராகவும், திரும்பத் திரும்ப வாங்குபவர் வேறொருவராகவும் இருப்பது தெரியவரலாம். நோட்டு செய்பவர் மாணவர்களை எண்ணித் தொடங்கியிருப்பார். பட்டியலில் பாதி பரிசுகளாக இருக்கும். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். பட்டியல் பேசத் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் கணக்குப் புத்தகத்தில் இல்லாத ஒரு கூட்டம் உண்டு: வந்து பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்கள், ஒருமுறை வாங்கிவிட்டு மறுபடி வராதவர்கள். இரண்டாம் உலகப் போரின்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் ஆய்வுக் குழுவில் இருந்த ஆபிரகாம் வால்ட், போரிலிருந்து திரும்பிய விமானங்களில் குண்டு துளைத்த இடங்களைக் கொண்டு விமானத்தின் எந்தப் பகுதியில் அடிபட்டால் ஆபத்து அதிகம் என்று கணிக்கும் முறையை வகுத்தார். அந்த ஆய்வின் கரு இதுதான்: நம் கண்முன் நிற்பவை தப்பித்து வந்தவை மட்டுமே. இயந்திரத்தில் அடிபட்டவை திரும்பி வரவே இல்லை. அதனால்தான் திரும்பியவற்றின் இயந்திரத்தில் துளைகள் குறைவு. உங்களிடம் தொடர்ந்து வாங்குபவர்களை மட்டும் கேட்டால் அவர்கள் பொறுத்துக்கொண்ட குறைகள்தான் தெரியும். பொறுக்க முடியாத குறை எது என்பது வராமல் போனவர்களிடம் இருக்கிறது.

அப்படிப்பட்ட ஐந்து பேரைத் தேடிப் பிடியுங்கள். மறுபடி வாங்கவைக்க முயலாதீர்கள். "உங்களிடம் எதுவும் விற்க வரவில்லை, நான் எங்கே சறுக்கினேன் என்று தெரிந்துகொள்ள வந்தேன்" என்று சொல்லிவிட்டு அமைதியாகக் கேளுங்கள். கேட்பதற்குக் கசப்பாகத்தான் இருக்கும். தற்காத்துக்கொண்டு பதில் சொல்லத் தொடங்கிவிட்டால் அவர் வாயை மூடிக்கொள்வார்.

ஒரு பிரிவைத் தேர்ந்தெடுப்பது

மூன்று நான்கு பிரிவுகளில் முதலில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். "மற்றவர்களை இழந்துவிடுவேனே" என்ற பயம் இங்கே எல்லோருக்கும் வரும். அந்தப் பயத்துக்கு என்னிடம் உள்ள சிறந்த பதில் ஒரு சமையலறைக் கருவி. சாம் ஃபார்பர் என்பவரின் மனைவி பெட்சிக்கு மூட்டுவாதம். தோல் சீவும் கருவியின் மெல்லிய உலோகக் கைப்பிடியைப் பிடிக்கச் சிரமப்பட்டார். அவரைப் போன்றவர்களின் கைகளை மனதில் வைத்து, தடித்த, மென்மையான, வழுக்காத பிடியுடன் கருவிகளை உருவாக்கினார்கள். ஆக்ஸோ என்ற பெயரில் 1990-இல் அவை விற்பனைக்கு வந்தன. மூட்டுவலி இல்லாதவர்களும் அவற்றை விரும்பி வாங்கினார்கள். ஒருவருடைய கடுமையான சிரமத்தைத் தீர்க்கும் பொருள், அதே சிரமம் இலேசாக உள்ள பலருக்கும் பயன்படுகிறது.

தேர்ந்தெடுக்கும்போது ஒவ்வொரு பிரிவையும் இப்படிச் சோதியுங்கள். இவர்களை என்னால் எட்ட முடியுமா? அதாவது, நாளை காலையே இவர்களில் பத்துப் பேர் முன்னால் போய் நிற்க ஓர் இடம் தெரியுமா? தேவை திரும்பத் திரும்ப வருகிறதா? ஏற்கெனவே இதற்குப் பணமோ நேரமோ செலவழிக்கிறார்களா? இவர்களுடன் ஆண்டுக்கணக்கில் பழக எனக்கு விருப்பமா? கடைசிக் கேள்வியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. தனக்குப் பிடிக்காத மனிதர்களுக்காகத் தினமும் வேலை செய்பவரின் தொழிலில் விரைவிலேயே சலிப்பு தட்டிவிடும்.

எண்ணிக்கையையும் தோராயமாகப் போட்டுப் பாருங்கள். கீழிருந்து மேலே கணக்கிட வேண்டும். நீங்கள் எட்டக்கூடிய ஓவியம் பயில்பவர்கள் 400 பேர் என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒருவர் வாங்கினால் 40 பேர். ஒருவர் ஆண்டுக்கு மூன்று வாங்கினால் 120 நோட்டுகள். வாரத்துக்குப் பத்துச் செய்பவருக்கு ஆண்டுக்கு ஐந்நூறு விற்க வேண்டும். ஆகவே இந்தப் பிரிவு மட்டும் போதாது. எட்டும் தூரத்தை விரிக்க வேண்டும், அல்லது அடிக்கடி வாங்கும் பிரிவைத் தேட வேண்டும். இந்தச் சிறு பெருக்கலைச் செய்யாமல் கடன் வாங்கித் தொழில் தொடங்குவது ஆழம் தெரியாமல் காலை விடுவது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். முதலில் வாங்குபவர்கள், பின்னால் வரும் பெரும்பான்மையினரைப் போன்றவர்கள் அல்லர். சமூகவியலாளர் எவரெட் ரோஜர்ஸ் 1962-இல் புதியவற்றை ஏற்கும் மக்களை ஐந்து வகையாகப் பிரித்தார்: முதலில் துணிந்து எடுப்பவர்கள் 2.5 சதவீதம், அடுத்து வருபவர்கள் 13.5, முன் பெரும்பான்மை 34, பின் பெரும்பான்மை 34, கடைசியில் வருபவர்கள் 16. முதல் கூட்டம் புதுமைக்காகவே வாங்கும்; குறை இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். பெரும்பான்மையினர் தம்மைப் போன்ற இன்னொருவர் பயன்படுத்துவதைப் பார்த்த பிறகே வருவார்கள். தொடக்கத்தில் கிடைத்த உற்சாகமான இருபது பேரை வைத்து அடுத்த இருநூறு பேரையும் கணித்துவிடாதீர்கள்.

ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள்

இப்போது "ஊகம்" என்று எழுதிய தாளைக் கிழித்துவிட்டுப் புதிய பக்கம் ஒன்றைத் தொடங்கலாம். கற்பனைப் பெயர், வரைந்த முகம், பிடித்த நிறம் போன்ற அலங்காரங்கள் வேண்டாம். நோட்டு செய்பவரின் பக்கம் இப்படி இருக்கலாம்:

"வேலை செய்துகொண்டே மாலையில் ஓவியம் பழகுபவர். மாதம் ஒரு நோட்டு தீர்ந்துவிடுகிறது. இப்போது பெரிய தாள்களை வாங்கி வெட்டிக் கிளிப் போட்டு வைத்துக்கொள்கிறார். தாள்கள் சிதறுவது அவருக்கு எரிச்சல். வகுப்பில் உடன் பழகுபவர் கையில் பார்த்த பொருளைத்தான் நம்பி வாங்குகிறார். முதல்முறை ஒன்றுதான் வாங்குவார். தாள் ஊறினால் மறுபடி வர மாட்டார். அவர் சொன்னது: 'பின்பக்கம் பாழாகிவிடுகிறது, பாதி நோட்டு வீண்.'"

இதன் கீழே இன்னொரு பத்தி அவசியம்: யார் நம் வாடிக்கையாளர் இல்லை. "மலிவான நோட்டு மொத்தமாகத் தேடுபவர். ஒரே நாளில் ஐம்பது கேட்பவர்." இவர்கள் வரும்போது மரியாதையாக வேறு இடத்தைக் காட்டி அனுப்ப இந்தப் பத்தி துணிவு தரும். கையில் பணம் குறைவாக இருக்கும் மாதத்தில் அந்தத் துணிவு எளிதில் வராது. அதனால்தான் முன்பே எழுதி வைக்கச் சொல்கிறேன்.

சிறிய அளவில் சோதியுங்கள்

பக்கத்தில் எழுதியது உண்மையா என்பதைப் பணம்தான் சொல்லும். இருநூறு நோட்டு செய்து அடுக்குவதற்கு முன் பத்துச் செய்யுங்கள். பாராட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முன்பணம் கொடுத்தவர், பெயரும் எண்ணும் எழுதிவிட்டுப் போனவர், நண்பரை அழைத்து வந்தவர் ஆகியோரை மட்டும் எண்ணுங்கள். தன் பணத்தையோ நேரத்தையோ நற்பெயரையோ கொஞ்சமாவது பணயம் வைத்தவரின் சொல்தான் கணக்கு.

சிறிய எண்ணிக்கை ஏமாற்றும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேரிடம் காட்டி மூவர் வாங்கினால் "முப்பது சதவீதம்" என்று குதிக்கத் தோன்றும். பத்துப் பேரை மட்டும் வைத்துப் பார்த்தால், கூட்டம் முழுவதிலும் அந்த விகிதம் பத்தில் ஒன்றுக்கும் குறைவாகவும் இருக்கலாம், பத்தில் ஆறாகவும் இருக்கலாம். பத்துப் பேர் சோதனையில் விகிதத்தைத் தேடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். மூவர் ஏன் வாங்கினார்கள், எழுவர் ஏன் வாங்கவில்லை? காரணம் பிடிபட்ட பிறகு ஐம்பது, நூறு பேரிடம் போனால் விகிதம் ஓரளவு நிலைக்கும்.

சோதனை பலிக்கவில்லை என்றால் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். அதே மக்களிடம் வேறு சொல்லில் சொல்லிப் பாருங்கள். பிறகு அதே பொருளை வேறு பிரிவினரிடம் காட்டுங்கள். பொருளை மாற்றுவது கடைசி.

குறித்து வைத்ததைப் பாதுகாப்பதும், திரும்பப் பார்ப்பதும்

மக்கள் நம்பிச் சொன்ன விவரங்கள் உங்களிடம் சேர்ந்திருக்கும். பெயர், எண், ஏன் வாங்குகிறார்கள் என்ற சொந்த விஷயங்கள். தேவையானதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எதற்காகக் குறிக்கிறீர்கள் என்று சொல்லி, சம்மதம் பெற்றுக் குறியுங்கள். அவர் சொன்ன வாசகத்தை விளம்பரத்தில் அவர் பெயருடன் போடுவதானால் தனியாகக் கேளுங்கள். நீக்கிவிடுங்கள் என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே நீக்குங்கள். பல நாடுகளில் இதற்குச் சட்டமே இருக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் எழுதியவர் நீங்கள், பொறுப்பும் உங்களுடையது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த ஒற்றைப் பக்கத்தை எடுத்து, புதிதாக மூன்று பேரிடம் பேசி, பொருந்தாத வரிகளை அடித்துத் திருத்துங்கள். அடித்ததை அழிக்க வேண்டாம். பக்கத்தில் தேதி போடுங்கள். இதற்கிடையில், உங்களிடம் மூன்றாவது முறையாக வாங்க வரும் ஒருவர் இருப்பார். அவரைக் கவனியுங்கள், சொல்லின் முழுப் பொருளில் வாடிக்கையாளர் அவர்தான். அவசரம் இல்லாத ஒரு நாளில் உட்காரவைத்து, "இந்த முறை இங்கே வராமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை, அவர் வார்த்தையிலேயே, பக்கத்தின் முதல் வரியாக எழுதுங்கள்.